ரிப்பன் வெட்டாத தண்ணி

கொஞ்சம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி. பைய மடியிலயே வச்சிக்கிடுதேன், உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. டவுனுக்குத்தான? நானும் டவுனுக்குத்தான். யூனியன் சேர்மன் வீடு வரைக்கும் ஒரு சோலி. அவர உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? பரவால்ல, என்னையும்தான் உங்களுக்குத் தெரியாது. எம்பேரு லிங்கத்துரை. கீழ அளத்தங்கரை காலனி குடிநீர் கமிட்டித் தலைவர். லெட்டர் பேடு இருக்கு, ரப்பர் சீல் இருக்கு. போட்டியே இல்லாம தேர்ந்தெடுத்தாவ. கூட்டம் போட்ட அன்னைக்கு எல்லாரும் உப்பளத்துக்கு வேலைக்குப் போயிட்டாவ. நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

உங்களப் பாத்தா படிச்சவரு மாதிரி தெரியுது. ஒரு நியாயம் கேக்கேன், சொல்லுங்க. புது வீடு கட்டுதிய. பால் காய்ச்சாம குடி போவியளா? மாட்டிய. பொண்ணு பாத்து பேசி முடிச்சாச்சு. தாலி கட்டாம கூட்டிட்டு வந்திருவியளா? மாட்டியள்லா? அதுதான. அதத்தான் நான் சொன்னேன். அதுக்கு எங்க காலனிப் பொம்பளைய என்னைய என்ன பாடு படுத்திட்டாவ தெரியுமா? கேளுங்க, பஸ் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆவும்.

எங்க காலனியில எம்பத்திரண்டு வீடு. எல்லாம் உப்பளத்து வேலைக்குப் போற சனம். நான் போறதில்ல, எனக்கு மகன் திருப்பூர்ல இருந்து அனுப்புதான். எங்க ஊர்ல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்கு வராது. மண்ணுல உப்பு, கிணத்துல உப்பு, போர் போட்டா அதுலயும் உப்பு. வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி லாரி வரும். லாரிக்காரன் கேக்குத துட்டு, ஒரு நாள் கூலியில பாதி அங்கயே போயிரும். அந்தத் தண்ணியும் சுத்தமா என்ன? வடிகட்டினா துணியில செவப்பா படியும். எங்க வீட்டுக்கு கேன் தண்ணி வந்துரும், அது வேற விசயம்.

அப்பத்தான் ஒரு டிரஸ்டுல இருந்து வந்தாவ. பிரின்ஸி மேடம்னு ஒரு பொண்ணு. சின்ன வயசு, ஆனா இஞ்சினியரு. உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்குத மிசின் வச்சுத் தாரோம், ஏழைபாழைய குடத்துக்கு சல்லிக் காசு குடுத்து பிடிச்சிக்கிடலாம், அந்தத் துட்டுலயே மிசின் பராமரிப்பு நடக்கும், நீங்க இடமும் கமிட்டியும் குடுங்கன்னாவ. இடம் ஊர்ப் பொது இடம். கமிட்டி நான். தை மாசம் கட்டிடம் முடிஞ்சுது. நீலமும் வெள்ளையுமா பெயின்ட் அடிச்சு, பாக்க அவ்வளவு அழகு. வீட்டுக்கு ஒரு கார்டு. அதக் காட்டினா குழாயில தண்ணி வரும். எம்பத்திரண்டு கார்டையும் சாவியையும் எங்கையில குடுத்துட்டு, நாளையில இருந்து தண்ணி குடுங்க சார்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு.

நாளையில இருந்தா? எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பாவம், படிச்சிருக்கு, ஊர் நடப்பு தெரியல. திறப்பு விழா இல்லாம எப்படிம்மா தண்ணி குடுக்க முடியும்னு கேட்டேன். சேர்மன் வந்து ரிப்பன் வெட்டி, அவரு கையால கார்டு குடுத்து, கல்வெட்டத் திறந்து வச்சு, அதுக்கு அப்புறந்தான் தண்ணின்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, சரி சார், ஆனா சும்மா போட்டு வச்சா உள்ள இருக்குத ஃபில்டர் கெட்டுப் போவும், தினமும் ஒரு மணி நேரமாவது மிசின ஓட்டுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. ஓட்டுதேன்னேன். வாக்குக் குடுத்தா குடுத்ததுதான், நம்ம பழக்கம் அது.

முதல்ல மாசி மாசத்துல தேதி குறிச்சோம். சேர்மனோட மாமியார் தவறிட்டாவ. பங்குனியில தேர்தல் வந்துட்டு, விழா எதுவும் கூடாதுன்னுட்டாவ. சித்திரையும் அதுலயே போச்சு. வைகாசியில எல்லாம் சரியாயி வரும்போது கல்வெட்டுல வம்பு வந்துட்டு. நல்ல கறுப்புக் கல்லு, தங்கக் கலர்ல எழுத்து. சேர்மன் பேரு மேல. வைஸ் சேர்மன் பேரு கீழ. வைஸ் சேர்மன் ஆளு வந்து ஸ்கேல் வச்சு அளந்து பாத்துட்டு, எங்க அண்ணாச்சி பேரு அரை இஞ்சு சின்னதா இருக்குன்னுட்டான். சரின்னு ரெண்டாவது கல்லு அடிச்சோம். அதுல ரெண்டு பேரும் ஒரே அளவு. இப்ப சேர்மனுக்குக் கோவம். மூணாவது கல்லு அடிச்சு, பெரிசா ஒண்ணு, கொஞ்சம் பெரிசா ஒண்ணுன்னு போட்டு ரெண்டு பேரையும் சம்மதிக்க வச்சேன். அதுல கடைசியில எம்பேரும் உண்டு. கண்ணாடி போட்டாத் தெரியும்.

கழிச்சுப் போட்ட ரெண்டு கல்லையும் கிணத்துப் பக்கம் சாத்தி வச்சிருந்தேன். ஒரு நாள் வைஸ் சேர்மன் நேர்லயே பாக்க வந்தாரு. வந்தவரு கிணத்தடியப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. என்னன்னு பாத்தா, நம்ம பொம்பளைய அந்தக் கல்லப் படுக்கப் போட்டு துணி தொவைக்காவ. வைஸ் சேர்மன் பேரு மேல ஒருத்தி சோப்புப் போட்டுக்கிட்டு இருக்கா. அந்தாலயே ஒரு பாவாடைய ஓங்கி ஓங்கி அடிக்கா. என்னம்மா இதுன்னு கேட்டா, வழுவழுன்னு நல்ல கல்லு தலைவரே, அழுக்கு சீக்கிரம் போவுதுங்கா. அந்த மனுசனச் சமாதானப்படுத்த எனக்கு ஆனி மாசம் முழுக்க ஆயிட்டு.

அந்தத் தொவைச்சவ பேருதான் சேர்மக்கனி. இந்தக் கதையில எல்லாம் அவளாலதான் வந்தது. நாப்பது வயசு இருக்கும். புருசன் இல்ல, ஒரே மகளக் கட்டிக் குடுத்துட்டா. அளத்துல உப்பு வாரிச் செமக்கவ. ஆனா ஒண்ணு சொல்லணும், மரியாதை தெரிஞ்சவ. ஊர்ல மத்தவ எல்லாம் என்னைய சித்தப்பாம்பா, மாமாம்பா. இவ ஒருத்திதான் தலைவரேன்னு வாய் நெறயக் கூப்பிடுவா. கூப்பிட்டுட்டு பக்கத்துல நிக்கவளப் பாத்து லேசாச் சிரிப்பா, வெக்கம்.

இந்தக் கல்வெட்டு வம்புக்கெல்லாம் முன்னால, பங்குனியில ஒரு நாள் வீட்டுக்கு வந்தா. கையில ஆஸ்பத்திரிச் சீட்டு. ரொம்ப நாளா இடுப்புல வலின்னு சொல்லிக்கிட்டு இருந்தா. ஸ்கேன் எடுத்துப் பாத்தா ரெண்டு பக்கக் கிட்னியிலயும் கல்லாம். அளத்துப் பொம்பளைய பாதிப் பேருக்கு இது உண்டு அண்ணாச்சி. காலையில போனா வேலை முடியுற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாவ. குடிச்சா ஒதுங்கணும்லா? அது வெட்ட வெளி, ஒரு மரம் கெடையாது, மறைவு கெடையாது. வீட்டுக்கு வந்து குடிக்கலாம்னா இருக்கது அந்த லாரித் தண்ணி, அதும் அளந்துதான்.

சீட்ட வாங்கிப் பாக்கேன். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் சுத்தமான தண்ணி, அப்படின்னு எழுதி கீழ கோடு போட்டிருக்காரு டாக்டர். நான் மாத்திர எழுதுத டாக்டரப் பாத்திருக்கேன், ஊசி எழுதுத டாக்டரப் பாத்திருக்கேன். தண்ணி எழுதுத டாக்டர இப்பத்தான் பாக்கேன். இத மெடிக்கல்ல கேக்க வேண்டியதுதானன்னேன், சும்மா தமாசுக்கு. அவ சிரிக்கல.

"தலைவரே, மிசின் சும்மாதான கெடக்கு. எனக்கு ஒரு குடம் மட்டும் தாங்க. விழா அன்னைக்கு முதல் ஆளா வந்து கை தட்டுதேன்" அப்படின்னா.

மனசு கேக்கல அண்ணாச்சி. நான் என்ன கல் நெஞ்சுக்காரனா? ஒரு மனு எழுதிக் குடு, பரிசீலிக்கேன்னேன். அவளுக்கு எழுதத் தெரியாது. சரின்னு நானே உக்காந்து எழுதினேன். அனுப்புநர் சேர்மக்கனி, பெறுநர் தலைவர், குடிநீர் கமிட்டி. அவ கைநாட்டு வச்சா. நான் வாங்கிக்கிட்டேன்னு சீல் போட்டு கையெழுத்துப் போட்டேன். மனு எண் ஒண்ணு. டாக்டர் சீட்டையும் அதுலயே பின் பண்ணி பைல்ல போட்டு வச்சேன். அன்னைக்குத் தேதியில இருந்து அது பத்திரமா இருக்கு, ஒரு மூலை மடங்கல. எந்த ஆபீஸ்ல இப்படி வச்சிருப்பான், சொல்லுங்க?

இதுக்கு நடுவுல நான் மிசின விட்டிருவேனா? பிரின்ஸி மேடத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன்லா. தினமும் காலையில ஆறு மணிக்குப் போவேன். வாசல்ல செவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். அத அவுக்க மாட்டேன். குனிஞ்சு, முதுகு ரிப்பன்ல படாம உள்ள போவேன். எனக்கு முதுகு வலி உண்டு, இருந்தாலும் போவேன். மிசினப் போட்டா ஒரு மணி நேரத்துல டேங்கு நெறஞ்சிரும். நெறஞ்ச தண்ணிய என்ன செய்ய? அடுத்த நாள் ஓட்டணும்னா டேங்கு காலியா இருக்கணும். பின்பக்கக் குழாயத் திறந்து விட்டிருவேன். அது பாட்டுக்குத் தரையில போயிரும். ஆயிரம் லிட்டர். எப்படிப்பட்ட தண்ணிங்கிய! அடியில கெடக்குத கல்லு தெரியும்.

நான் ஒரு சொட்டு வாயில வச்சதில்ல அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன். வேற எவனா இருந்தாலும் வீட்டுக்கு ரெண்டு குடம் கொண்டு போயிருப்பான்.

பொம்பளைய குடத்த இடுப்புல வச்சிக்கிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாப்பாவ. ஒரு நாள் தவறாம வருவாவ. தண்ணி மண்ணுக்குள்ள எறங்கி முடியுற வரைக்கும் பாத்துட்டு, அப்புறம் அளத்துக்குப் போவாவ. எனக்கும் அது ஒரு சந்தோசம்தான். ஊர்க் காரியத்துல சனத்துக்கு அக்கறை இருக்கணும்லா.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் காலையில பாக்கேன், பின்பக்கக் குழாய்க்கு நேரா எட்டுக் குடம் வரிசையா இருக்கு. முதல் குடம் சேர்மக்கனி குடம். என்னம்மா இதுன்னேன்.

"கீழ ஊத்துத தண்ணிதான தலைவரே? மண்ணுக்குத் திறப்பு விழா நடத்திட்டியளா?"

தலைவர்னு ஒருத்தன் இருக்கும்போது பதில் சொல்லாம இருக்கக் கூடாது. கமிட்டியக் கூட்டினேன். கமிட்டின்னா நான், செயலாளர், பொருளாளர். மூணு பேரும் பேசி ஒரு முடிவு எடுத்தோம். விழாவுக்கு முன்னால நாலு பேரு குடிச்சு, அதுல ஒருத்தருக்கு வயித்து வலி வந்தா யாரு பொறுப்பு? ஆகையினால குழாய இன்னும் நீளமாக்கி, குழிக்குள்ள விட்டு, குழியச் சுத்தி உடமுள்ளு வெட்டிப் போட்டோம். பாதுகாப்புக்குத்தான். ஆடு மாடு கூட கிட்ட வரல.

பிரின்ஸி மேடம் போன் போட்டு, சார் தண்ணி குடுக்க ஆரம்பிச்சாச்சான்னு கேக்கும். மிசின் நல்லா இருக்கு மேடம், தினமும் ஓட்டுதேன்னு சொல்லுவேன். ரிப்பனோட போட்டோ எடுத்து அனுப்புவேன். ஒரு தடவ நேர்லயே வந்துட்டு. முள்ளப் பாத்துது, குழியப் பாத்துது, ரிப்பனப் பாத்துது. கண்ணு கலங்கிட்டு அதுக்கு. மிசின அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்லா. விழா எல்லாம் வேண்டாம் சார், தண்ணியக் குடுங்க சார்னு கெஞ்சுச்சு. கமிட்டிட்ட ஒப்படைச்சாச்சுன்னு நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டியன்னு பேப்பர எடுத்துக் காட்டினேன். அதப் படிச்சிட்டு ஜீப்புல ஏறிட்டு.

ஆடி மாசம் வந்துட்டு. ஆடியில யாரு திறப்பு விழா வைப்பா? ஆவணி முதல் வாரம்னு முடிவு பண்ணி, மூணாவது கல்வெட்டுக்கு பச்சைக் கலர்ல வெல்வெட் துணி தச்சு வாங்கினேன். அந்த வாரந்தான் சேர்மக்கனி அளத்துல விழுந்துட்டா. உப்புப் பொட்டியத் தலையில வச்சுக்கிட்டு வரப்புல வந்தவ, அப்படியே இடுப்பப் பிடிச்சுக்கிட்டு சுருண்டுட்டாளாம். ஆட்டோவுல தூக்கிப் போட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ.

நான் போய்ப் பாத்தேன் அண்ணாச்சி. போகாம இருப்பனா? பிரட்டு வாங்கிட்டு, எங்க வீட்டுக்காரி சொர்ணத்தையும் கூட்டிட்டுப் போனேன். கையில ட்ரிப்ஸ் ஏறுது. மூஞ்சி வீங்கியிருக்கு. ஒரு பக்கத்துக் கிட்னி போச்சாம். இன்னொண்ணும் பாதிதான் வேலை செய்யுதாம். இனிமயும் அந்த லாரித் தண்ணியையே குடிச்சுக்கிட்டு, அளத்துல குடிக்காமலும் இருந்தா அதுவும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அந்த நெலமையிலயும் என்னப் பாத்ததும் அவ கேட்டது விழாவப் பத்தித்தான்.

"தேதி வச்சாச்சா தலைவரே?"

"ஆவணி முதல் வாரம் வச்சிருவோம்மா, நீ கவலப்படாத" அப்படின்னேன்.

"ஆவணி வரைக்கும் தாங்குமான்னு டாக்டர்ட்டக் கேட்டு வைக்கேன். தாங்காதுன்னா கல்வெட்டுல ஒரு ஓரமா எம்பேரையும் போட்டிருங்க."

பாருங்க, அவளுக்கும் பேரு ஆசை இருக்கு. மனுசன்னா இருக்கத்தான செய்யும். மூணாவது கல்லுல எடம் இல்லம்மா, இனிம மாத்த முடியாதுன்னு உள்ளதச் சொன்னேன். சொர்ணம் என்னைய ஒரு மாதிரி பாத்தா. வாரும்போது பஸ்ல ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்து சோறு வச்சா, அப்பவும் பேசல. அலுப்பு போலிருக்குன்னு நெனச்சு நானும் ஒண்ணும் கேக்கல.

அவள ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புன மூணாவது நாள், ஆடி வெள்ளி. நான் சேர்மன்ட்ட தேதி கேக்க டவுனுக்குப் போயிட்டு மத்தியானம் திரும்புதேன். பஸ்ஸ விட்டு எறங்கும்போதே குலவைச் சத்தம் கேக்குது. அம்மன் கோயில்ல கூழ் ஊத்துதாவ போலன்னு நெனச்சேன். பாத்தா சத்தம் மிசின் கட்டிடத்துல இருந்து வருது. அங்க ஓடினேன்.

கதவு திறந்து கெடக்கு. வாசல்ல மாவிலை, மஞ்சத் தண்ணி. எம்பத்திரண்டு வீட்டுப் பொம்பளைகளும் வரிசையில நிக்காவ, ஒவ்வொருத்தி கையிலயும் கார்டு. ரிப்பன வெட்டக் கூட இல்ல. வெட்டியிருந்தாலாவது ஒரு மொறைன்னு வச்சிக்கிடலாம். முடிச்ச அவுத்து, அழகா மடிச்சு, சன்னல்ல வச்சிருக்காவ. குழாய்க்குப் பக்கத்துல ஒரு கவுத்த வாளி மேல சேர்மக்கனி உக்காந்திருக்கா. கையில ஊசி குத்தின எடத்துல பஞ்சு ஒட்டியிருக்கு. செம்புல தண்ணி பிடிச்சுக் குடிக்கா. முழுசாக் குடிச்சா. அடுத்த செம்பு. எல்லாரும் அவ தொண்டையையே பாத்துக்கிட்டு நிக்காவ. அவ செம்ப எறக்கி வச்சதும் மறுபடியும் ஒரு குலவை.

"எவ பூட்ட ஒடச்சது?" அப்படின்னு கத்தினேன்.

ஒடைக்கல. சாவியிலதான் திறந்திருக்கு. சாவி எங்க வீட்டு பீரோவுல இருந்துச்சு. கார்டும் அதுலதான். திரும்பிப் பாக்கேன், வரிசையில முதல் ஆளா சொர்ணம் நிக்கா. எம்பொஞ்சாதி. முப்பத்தி நாலு வருசம் எங்கூட இருந்தவ.

"சாவி நான்தான் குடுத்தேன். கார்டும் நான்தான் குடுத்தேன்" அப்படிங்கா.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"குடிக்கதுக்கு யாரக் கேக்கணும்?"

போலீசுக்குப் போவேன்னேன். செயலாளரக் கூப்பிட்டேன், அவன் பொஞ்சாதி நாலாவது ஆளு. பொருளாளர் அம்மா ஏழாவது ஆளு. ரெண்டு பேரும் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கானுவ. போதாக்கொறைக்கு அந்தப் பொண்ணு பிரின்ஸிக்கும் எவளோ போன் போட்டுச் சொல்லியிருக்கா. ஸ்பீக்கர்ல போட்டாவ. அந்தப் பொண்ணு அழுதுது. சிரிச்சுக்கிட்டே அழுதுது. எனக்குன்னா ஒரே அவமானம்.

ஆனா நான் விடல. ராத்திரி எல்லாம் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். தண்ணி பிடிக்கட்டும், யாரு வேண்டாங்கா? ஆனா திறக்கல. விழா நடந்தாத்தான திறப்பு? நடக்கலல்லா? அப்ப அது திறக்காத மிசின்தான். மறுநாள் போய் புது ரிப்பன் வாங்கிட்டு வந்து வாசல்ல கட்டினேன். பொம்பளைய குடத்தோட குனிஞ்சு உள்ள போவாவ, குனிஞ்சு வெளிய வருவாவ. நெறகுடத்தோட குனிய முடியாதவளுக்கு இன்னொருத்தி ரிப்பனத் தூக்கிப் பிடிப்பா. சேர்மக்கனிக்கு இடுப்பு வளையாது, அவ மட்டும் அவுத்துட்டு, போகும்போது மறுபடி கட்டிட்டுப் போவா. நான் கட்டுதத விட நல்லாவே கட்டுவா. சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ஆவணி பொறந்துட்டு. போன திங்கக்கிழமை சேர்மன் வந்தாரு. சொன்ன தேதிக்கு, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி, ஆனா வந்தாரு! ரெண்டு காரு, நையாண்டி மேளம், போட்டோக்காரன். கல்வெட்டு மேல பச்சை வெல்வெட்டு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. எட்டு மாசம் கட்டிக் காத்ததுக்கு அன்னைக்குத்தான் பலன்.

பாத்தா ஒரு ஆளக் காணல. ஒரு பொம்பள வரல. போட்டோக்காரன் கேக்கான், பொம்பளைய காலிக் குடத்தோட வரிசையில நிக்கணும், சேர்மன் குழாயத் திறந்து முதல் குடத்த நெறைக்கணும், அந்தப் போட்டோதான் பேப்பருக்குப் போவும், ஆளு எங்க, குடம் எங்கங்கான். எப்படி இருக்கு பாருங்க. இதுக்கு முன்னால எந்தப் பெரிய மனுசன் ஊருக்குள்ள வந்தாலும், காலிக் குடத்தோட ஒருத்தியும் எதுக்க வந்துரக் கூடாதுன்னு நான்தான் விரட்டிக்கிட்டு நிப்பேன். அன்னைக்கு ஒரு காலிக் குடத்துக்காக வீடு வீடா ஓடினேன்.

எல்லா வீட்லயும் குடம் இருக்கு. எல்லாம் நெறஞ்சிருக்கு. அடுக்களையில நெறஞ்சிருக்கு, வாசல்ல நெறஞ்சிருக்கு, சட்டி பானை அண்டா எல்லாம் நெறஞ்சிருக்கு. ஒரு குடம், ஒரே ஒரு குடம் காலியாத் தாங்க, அஞ்சு நிமிசத்துல திருப்பித் தாரேன்னு கெஞ்சினேன். எங்க வீட்டுக்கும் ஓடினேன். சொர்ணம், ஒரு குடத்தக் கீழ ஊத்திட்டுத் தாடின்னேன்.

"நல்ல தண்ணியக் கீழ ஊத்துதது நீங்க பழகுன வேலை. எனக்குக் கை வராது" அப்படின்னுட்டா.

கடைசி வீடு சேர்மக்கனி வீடு. வாசல்ல கால நீட்டி உக்காந்திருக்கா. பக்கத்துல குடம், கையில செம்பு. செவுத்துல கரிக்கட்டையால கோடு போட்டு வச்சிருக்கா. ஒரு செம்பு குடிச்சா ஒரு கோடு. மூஞ்சியில வீக்கம் கொறஞ்சிருக்கு, அத நான் ஒத்துக்கிடணும். யம்மா, நீ ஒருத்தியாவது மரியாதை தெரிஞ்சவ, சேர்மன் வெயில்ல நிக்காரு, அந்தக் குடத்த மட்டும் காலி பண்ணித் தான்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவ மாட்டேன்னு சொல்லல அண்ணாச்சி. அதான் அவட்ட உள்ள கொணம்.

"அதுக்கென்ன தலைவரே, காலி பண்ணித் தாரேன். ஆனா ஊத்த மாட்டேன், குடிச்சுத்தான் காலி பண்ணுவேன். இப்பத்தான் நெறச்சு வச்சேன். டாக்டர் சொன்ன அளவுக்குக் குடிச்சா ஒரு குடம் தீர மூணு நாலு நாளாவும். சேர்மன அது வரைக்கும் இருக்கச் சொல்லுங்க. நாங்க ஏழு மாசம் இருந்தோம்லா" அப்படின்னுட்டு ஒரு செம்ப எடுத்து மடமடன்னு குடிச்சா. செவுத்துல ஒரு கோடு போட்டா.

நான் திரும்பி ஓடி வந்து பாத்தா காரக் காணல. மேளக்காரன் மட்டும் துட்டுக்கு நிக்கான்.

அதுதான் அண்ணாச்சி இன்னைக்குப் போறேன். சேர்மன் காலு கையப் பிடிச்சாவது வெள்ளிக்கிழமைக்கு ஒரு தேதி வாங்கிரணும். திங்கக்கிழமையில இருந்து கணக்குப் பண்ணினா, வெள்ளிக்கிழமை அந்தக் குடம் காலியாயிரும். சேர்மக்கனி சொன்னாச் சொன்னபடி செய்யுதவ. ஒரு குடம் போதும், முன்னால அத வச்சு, கிட்டத்துல இருந்து போட்டோ எடுத்துரலாம்.

அய்யய்யோ. ஒண்ணு மறந்துட்டேனே. தீந்ததும் மறுபடி போய் நெறச்சு வச்சிராதன்னு அவட்டச் சொல்லாம வந்துட்டேன். அண்ணாச்சி, உங்க போனக் கொஞ்சம் தாரியளா? என் வீட்டுக்காரிட்ட ஒரு வார்த்த சொல்லணும். எங்கிட்டயும் போன் இருக்கு, சார்ஜும் இருக்கு. ஆடி வெள்ளியில இருந்து என் நம்பர்னா அவ எடுக்க மாட்டங்கா.